அழுகைக்கு மட்டும்

மணிக்கட்டு அதிர்ந்தது.

மாவுக் கையைக்கூடக் கழுவவில்லை. சுவரை நோக்கி ஓடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் புருஷனுடைய அக்காள், மதினி உலகம்மாளின் வீடு. அங்கேதான் இவள் பிள்ளையின் தொட்டில்.

தொட்டில் கயிற்றில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி தொங்குகிறது. பிள்ளை அழுதால் போதும், இங்கே இவள் கையில் கட்டியிருக்கும் பட்டை துடிக்கும்.

காது கேளாத தாய்மாருக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

அதைக் கட்டிய பிறகு, பிள்ளை அழுது அவள் எழும்பாத ராத்திரி கிடையாது. புருஷனுக்கும் காது கேட்காது. அவனை எழுப்ப வேண்டிய அவசியமே வந்ததில்லை.

ஆனாலும் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில் வளர்ந்தால் பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? மதினி கேட்டது நியாயம்தான். பேச்சு வரட்டும், அப்புறம் தூக்கிக்கொள் என்றாள்.

இவளும் தலையாட்டினாள்.

பெட்டியை மட்டும் தொட்டிலோடு அனுப்பிவைத்தாள்.

சுவரில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள்.

துடிப்பு நின்றது.

தூக்கிவிட்டார்கள்.

முன்பெல்லாம் வெகுநேரம் துடிக்கும். இப்போது தொடங்கும்போதே அடங்கிவிடுகிறது. நல்லதுதானே. பிள்ளை ஏங்காமல் இருக்கிறதென்றுதானே அர்த்தம்.

அந்த நல்லதைத் தாங்கத்தான் அவளுக்குச் சுவர் வேண்டியிருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. மதினி. இத்தனை வருஷமும் வெறுமையாகக் கிடந்த இடுப்பில் பிள்ளை. முகம் கொள்ளாத சிரிப்பு.

இவளுக்குப் புரியவேண்டுமே என்று வாயை அகலத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஏட்டி, பிள்ளைக்குப் பேச்சு வந்துட்டு! அம்மான்னு கூப்பிட்டுட்டாம்ட்டி!"

அவள் பட்டையைப் பார்த்தாள்.

அது அழுகைக்குத்தான் துடிக்கும். கூப்பிட்டால் துடிக்காது.

சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது. மாவு காய்ந்த இரண்டு கையையும் நீட்டினாள்.

மதினி பிள்ளையைத் தரவில்லை. மறுத்துவிட்டாள் என்றும் சொல்லமுடியாது. இடுப்பில் சற்றே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நீட்டிய கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு கையை மடக்கினாள். மற்றதன் விரலால் பிள்ளையைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டாள். மதினியின் நெஞ்சைக் காட்டினாள். புருவத்தை உயர்த்தினாள்.

யாரைப் பார்த்துக் கூப்பிட்டான்?

மதினி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என்னவோ பதில் சொன்னாள். பின்னாலிருந்து பார்க்கையில், தாடை அசைவது மட்டும் தெரிந்தது.