ஐந்து அணில்களின் அறிமுகம்

பூனையின் பாதத்துக்கு அடியில் சிக்கியிருந்த சுண்டெலி, தன்னைக் காப்பாற்ற ஐந்து அணில்கள் வருவதைக் கண்டது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் கழுத்துத்துண்டு கட்டியிருந்தது.

"நான்தான் சிவப்பு வீரன்!" என்று முதல் அணில் கையை உயர்த்தி நின்றது.

"அண்ணே, முதல்ல என்னை வெளியே இழுங்க," என்றது சுண்டெலி.

"அறிமுகம் முடியட்டும் தம்பி."

பூனைக்கும் முறை தெரியும். அது கடிக்காமல் காத்திருந்தது. நீலமும் மஞ்சளும் பெயர் சொல்லி முடித்தன. பச்சை மட்டும் வரிசையை விட்டு விலகி நின்றது. பூனைக்குப் பொறுக்கவில்லை.

"பச்சை, கொஞ்சம் இப்படி வா," என்று பாதத்தைத் தூக்கி இடம் காட்டியது.

சுண்டெலி வளைக்குள் ஓடிவிட்டது.

வெளியே ஐந்தாவது அணிலும் பெயர் சொல்லி முடித்தது. "சுண்டெலியை விட்டுவிடு!" என்று ஐந்தும் ஒரே குரலில் முழங்கின.

"அவசரப்படாதீங்கப்பா," என்றது பூனை. "நான் இன்னும் என் பேரைச் சொல்லலையே."