கொலு முடிந்த மறுநாள்

ஆன்லைனில் களிமண் பொம்மை விற்கும் அனுப்ரியா, ஜிஎஸ்டி தாக்கல் செய்ய ஆடிட்டர் பத்ரிநாராயணன் முன் உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆர்டர் ஒன்று திரும்பி வந்ததில் இந்த மாத லாபமே போய்விட்டது.

“பொம்மை உடைஞ்சிருந்ததா?” என்றார் ஆடிட்டர்.

“இல்ல சார், கலர் பிடிக்கலையாம். விஜயதசமிக்கு மறுநாள் திருப்பி அனுப்பிட்டாங்க. செட்டியார் பொம்மை மடியில சுண்டல் ஒட்டியிருந்தது.”

ஆடிட்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஒன்பது நாளும் கொலு வெச்சுட்டு அனுப்பியிருக்கா! என்ன ஜென்மமோ! பில்லைக் குடும்மா, விற்பனையிலேர்ந்து கழிச்சுடறேன்.”

அனுப்ரியா தயங்கித் தயங்கி நீட்டினாள். பெயரையும் ராஜா அண்ணாமலைபுரம் முகவரியையும் படித்தவரின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“கழிக்க வேண்டாம்மா. பொம்மையெல்லாம் எங்காத்துக்கே திரும்ப அனுப்பிடு. ஜானுகிட்ட நான் பேசிக்கறேன். சுண்டலைத் துடைச்சுட்டியோன்னோ?”