நிலக்கடலைப் படம்

வாடிக்கையாளர்களே பில் போட்டுக்கொள்ளும் ஆறு மெஷின்களுக்கு நான் காவல். யார் முகத்தையும் பார்க்க மாட்டேன், விரலைத்தான் பார்ப்பேன். தட்டில் வைத்து எடைபோடும் பொருளின் படத்தைத் திரையில் தேடுகிற விரல் தயங்கும். திருடுகிற விரல் நேராகப் போகும். இதுவரை யாரையும் தப்பாகப் பிடித்ததில்லை. பிடிபட்டவர்களைப் படமெடுத்து வாசலில் ஒட்டுவது எங்கள் கடை வழக்கம்.

அன்று மாலை நாலாவது மெஷினில் ஒரு விரல் நேராகப் போனது. எடைத் தட்டில் இருந்தது முந்திரிப் பருப்பு, விரல் தொட்டது நிலக்கடலைப் படத்தை. பின்னால் போய் நின்றேன். அந்த அம்மாள் திரும்பினார். எப்சிபா மேடம்.

கல்லூரித் தேர்வில் நான் துண்டுச்சீட்டைப் பார்த்து எழுதியபோது இதே போல சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றவர். என் விடைத்தாள் மேல் உள்ளங்கையை வைத்து, “எந்திரி” என்றார். அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். கையை எடுக்கவில்லை. என் படிப்பு அன்றோடு முடிந்தது.

“இசக்கிதானே நீ? இங்கயா வேல பாக்குற?”

“ஆமா மேடம். எக்ஸாம் ஹால் டூட்டி மாதிரிதான்.”

அவர் சிரிக்கவில்லை. “என் படத்தையும் வாசல்ல ஒட்டிருவியா?” என்று மெதுவாகக் கேட்டார்.

முந்திரிப் பையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். என் கை அழுத்தியதில் எடை இரண்டு கிலோவைத் தாண்டியது. எடை மாறியதும் மெஷின் கத்தத் தொடங்கியது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அடிச்சிட்டுத் திரும்ப எழுதுங்க மேடம்,” என்று சொல்லிக் கையை எடுத்தேன்.

அவர் விரல் திரைக்குப் போனது. இரண்டு படங்களுக்கும் நடுவில் தயங்கி நின்றது.