இரண்டாவது சிஸ்டம்

டிஸ்க்கை எத்தனை பாகமாகப் பிரிக்க வேண்டும் என்று திரை கேட்டது.

"ரெண்டு சிஸ்டம் வேணுமுங்க," என்றார் மேனேஜர் நாச்சிமுத்து.

சர்வர் அமைத்துக் கொடுக்க வந்திருந்தவளின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாயப்பட்டறையில் அவருக்கு ஆயிரம் வேலை. காலையிலிருந்து இந்த அறையை விட்டு நகரவில்லை.

ஒரே சர்வரில் இரண்டு யுனிக்ஸ் இயங்குதளம். தப்பில்லை. ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்றை எழுப்பிக்கொள்ளலாம். அவளே பல இடங்களில் அப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறாள்.

முதல் பாகத்தைக் குறித்தாள். இரண்டாவதையும்.

"ரெண்டுக்கும் ஒரே பேரு இருக்கட்டும். அட்ரஸும் அதேதான்."

சரி.

"ஆன் பண்றப்ப எது வேணும்னு கேக்குமில்லீங்க, அது ஸ்கிரீன்ல வர வேண்டாம்."

"அப்புறம் எப்படிங்க சார் மாத்துவீங்க?"

"ஒரு கீயை அமுக்குனா மாறோணும். எந்தக் கீன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க, போதும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே, கழிவுநீர்க் குழாயின் வாயில் சென்சார் இருக்கிறது. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அளக்கும். அந்த அளவை வாங்கி அரசு அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் இந்த சர்வரின் வேலை. வேறு வேலையே கிடையாது.

"ரீடிங் சேர்ற பாகத்தை ரெண்டுக்கும் பொதுவா வெச்சிரட்டுங்களா?"

"வேண்டாம். தனித்தனியா."

பதில் சட்டென்று வந்தது.

அவள் இரண்டாவது பாகத்தின் மேல் கர்சரைக் கொண்டுபோனாள்.

"ரெண்டாவது சிஸ்டத்துக்கு சென்சார் ஒயர் எதுங்க சார்?"

"அதுக்கு ஒயர் தேவையில்லீங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரீடிங் நம்பரை அதுவே போட்டுக்கறதுக்கு ஒரு புரோகிராம் இருக்குது. முதலாளி குடுத்துவிடுவாரு."

ஏசி இரைந்தது.

"கவர்மென்ட்டுல பட்டறையை மூடச் சொல்லிட்டா எத்தனை குடும்பமுங்க நடுத்தெருவுல நிக்கும்," என்றார், அவள் எதுவும் கேட்காமலே.

பட்டறைகளை நம்பித்தான் அவளுடைய சின்ன கம்பெனியும் ஓடுகிறது. அது அவருக்கும் தெரியும்.

எழுந்தாள். முகம் கழுவ வேண்டும் போலிருந்தது. மூலையில் இருந்த குழாயைத் திறக்கக் கை நீட்டினாள்.

"அம்மிணி, அதுல கழுவாதீங்க."

பதறி எழுந்துவிட்டார்.

"போர்த் தண்ணிங்க அது. கண்ணுல பட்டா எரியும்."

குடிதண்ணீர்க் கேனிலிருந்து ஒரு சொம்பு பிடித்து, அவரே கொண்டுவந்து நீட்டினார். சொந்த மகளுக்குத் தருவதைப் போல.

அவள் முகம் கழுவினாள். துப்பட்டாவில் துடைத்தாள். வந்து உட்கார்ந்தாள்.

இரண்டாவது பாகத்தை அழித்தாள்.

முதல் பாகத்தை டிஸ்க்கின் கடைசி வரை நீட்டினாள். ஓரத்தில்கூட எதுவும் மிச்சமில்லை.

எழுதிவிட்டால் பழையபடி மாற்ற முடியாது, சம்மதமா என்றது திரை.

சம்மதம்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். திரையைப் படித்தார். ஒற்றைப் பாகம். படிக்க அதிக நேரம் ஆகாது. ஆனாலும் வெகுநேரம் படித்தார்.

அவர் கை பவர் சுவிட்சுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி கேட்டா என்னுங்க சொல்றது?"

"டிஸ்க்ல இடம் பத்தலைன்னு சொல்லுங்க சார்."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் போனார்.

"இடம் பத்தலை," என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.