பத்திரிகை வைக்கவில்லை

வக்கீல் குமாஸ்தா குற்றப்பத்திரிகையின் பதினோரு நகல்களைக் கொடுத்து முடித்துப் பத்து நிமிடம் ஆயிற்று. ஞானதிரவியம் இன்னும் கையை நீட்டியபடிதான் நின்றார்.

கோர்ட்டு வராந்தா. தோளில் பட்டுக்கரைத் துண்டு.

தண்ணீர் கேட்டுக் குடங்களை வைத்துச் சாலையை மறித்த வழக்கு. மறித்தது பன்னிரண்டு பேர் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். பன்னிரண்டாவது ஆள் அவரே. வரிசையில் முதல் ஆளும் அவரே.

சாயங்காலம் அவருக்குப் பாராட்டுக் கூட்டம். சுவரொட்டியில் சங்கிலியை அறுத்துக்கொண்டிருந்தார். கட்சியில் இந்த முறை வழக்கு உள்ளவருக்குத்தான் வார்டு சீட்டு.

பேச்சும் தயார். காலையில் சவரம் செய்யும்போதே பேசிப் பார்த்தாயிற்று.

'குற்றப்பத்திரிகை! பத்திரம் என்றால் இலை, பெரியோர்களே. அந்தக் காலத்தில் ஓலையில் எழுதினார்கள். சாட்டுவது என்றால் ஒருவன் தலையில் ஏற்றுவது. ஏற்றட்டும்! இந்தத் தலை தாங்கும்!'

தாடையில் ஓர் இடத்தில் வெட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"எனக்கு?" என்றார்.

வக்கீல் பொன்னுலிங்கம் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். "நகல் குற்றம் சாட்டப்பட்டவங்களுக்குத்தான், அண்ணாச்சி. ஒங்களுக்குக் கெடையாது."

தெரு முழுக்கப் பத்திரிகை வைத்த கல்யாண வீட்டுக்காரன் இவர் வாசலை மட்டும் தாண்டிப் போனது போலிருந்தது. பெயரை வரிசை மாற்றி அச்சடித்தார்கள் என்பதற்கே மூன்று கல்யாணங்களுக்குப் போகாத மனிதர்.

"போலீஸ் சதிவே. வேணும்னே விட்டுட்டான். எம் பேரச் சேக்கச் சொல்லி மனு போடும்."

"விடலியே. பேரு இருக்கு. எட்டாம் பக்கம்." வக்கீல் முடிச்சை இறுக்கினார். "அரசுத் தரப்பு சாட்சி."

பக்கத்தில் செல்லக்கனி நின்றாள். பீடி சுற்றுகிறவள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் பெயர் அவளுடையது.

அவளுடைய நகலை வாங்கினார். எட்டாம் பக்கத்தின் மூலை ஏற்கெனவே மடிக்கப்பட்டிருந்தது.

சாட்சி எண் நான்கு. ஞானதிரவியம், வயது ஐம்பத்திரண்டு.

'நான் மறியலுக்கு வரவில்லை. டீ குடிக்க வந்தேன். இவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது' என்று தாமாகவே முன்வந்து கூறினார்.

அன்று லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீரும் இவங்ககூடத்தானா?

பதிலை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருந்தார்கள். அவர் சொன்னதை அரசாங்கம் கவனமாகக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

உள்ளே டவாலி பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தான்.

முதல் பெயர் வந்தது.

செல்லக்கனி முந்தானையை இடுப்பில் செருகினாள். அவர் விரல்களுக்கு வலிக்காதபடி நகலை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"சாயங்காலம் பதினோரு பேரும் வாரோம், அண்ணாச்சி," என்றாள். "அடையாளம் தெரியும்லா?"