கொடியில் கடைசி எண்

மாலை வெயில் தையல் மெஷினின் சக்கரத்தில் மின்னுகிறது. கடைச் சுவரிலிருக்கும் டிவியில் ஊர் ஃபுட்பால் அணி நான்கு கோல் பின்தங்கி ஓடிக்கொண்டிருக்கிறது. ஹாக்கி அணியும் வாலிபால் அணியும் போன மாதமே ஊர் மானத்தை வாங்கிவிட்டன. தையற்காரரின் மடியில் 'சாம்பியன்' என்று பொன்நூலில் தைத்த வெற்றிக்கொடி. இதுவரை ஏறியதில்லை, வருஷந்தோறும் அதிலுள்ள ஆண்டின் கடைசி எண்ணை மட்டும் பிரித்து மாற்றித் தைக்கிறார். அந்த இடத்தில் துணி சல்லடையாகிவிட்டது. எதிரணி ஊர்க்காரரான சம்பந்தி எதிரே கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறார். பெண் கொடுத்த இடத்தில் தலை குனியலாமா? தையற்காரரின் முதுகு விறைத்தே இருக்கிறது.

"டிவியை அணைச்சிடலாமா சம்பந்தி? உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்கிறார் எதிரணி ஊர்க்காரர்.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்குங்க."

அந்த மூன்று நிமிடத்தில் ஐந்தாவது கோலும் விழுகிறது. ஆட்டம் முடிந்த விசில் ஒலிக்கிறது.

"இப்பவாவது கொடியை மடிச்சு வைங்க."

"அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்?" கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பிளேடால் ஏழு என்ற எண்ணைப் பிரிக்கத் தொடங்குகிறார் தையற்காரர். "அடுத்த வருஷம் எட்டு. சுழி ரெண்டு, வேலை ஜாஸ்தி. சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இந்த ஊசியில நூல் கோத்துக் குடுங்க. உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே."

ஜெயித்த ஊர்க்காரர் காலைக் கீழே இறக்கி, பொன்நூலின் நுனியை எச்சில் தொட்டு முறுக்குகிறார்.