பயிற்சிக் கூடத்து ஊர்மக்கள்

அன்று பயிற்சிக் கூடத்தில் இருந்தவர்கள், புதிதாக ஜெயித்த ஊராட்சித் தலைவி மங்கையர்க்கரசி, அவளுடைய மாமனாரும் முன்னாள் தலைவருமான உக்கிரபாண்டியன், பயிற்சியாளர் செலின் ஆகிய மூவர்தான். எதிர்ச்சுவர்த் திரையில், தலைவி கூட்டம் நடத்திப் பழகுவதற்காக, உக்கிரபாண்டியன் காலத்துக் கிராமசபைப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு இயந்திரம் உண்டாக்கிய ஊர்மக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க ஊரு கட்டுப்பாட்டை நீங்களே பாருங்கம்மா,” என்று செலினிடம் சொல்லி, உக்கிரபாண்டியன் மீசையைத் தடவிக்கொண்டார்.

“தண்ணி ஒழுங்கா வருதா?” என்று மருமகள் கேட்டாள்.

“ஐயா வருதுன்னா வருதுங்க,” என்றது கூட்டம்.

“உங்க வீட்டுக்கு வருதான்னு கேக்குறேன்.”

பின்வரிசையில் ஒருத்தி வாயைத் திறந்தாள், பயந்து மூடிக்கொண்டாள்.

“மாமா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

அவரை யாரும் இதுவரை வெளியே அனுப்பியதில்லை. எழுந்து போனார். கதவுக்கு அப்பாலும் ‘ஐயா வருதுன்னா வருதுங்க’ என்ற அதே பதில்தான் கேட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பயிற்சி இயந்திரம் பழுதாகிவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை.